அவசரம் லேது

பஸ் கண்டக்டருக்கு மூச்சு குறைந்தால் யாருக்கும் உடனே தெரியாது. விசில் குறைந்தால்தான் தெரியும். சந்திரகிரி ஸ்டாப்பிங்கில் நான் ஊதிய விசில் டிரைவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை. ஏறவேண்டியவர்கள் ஏறி, இறங்கவேண்டியவர்கள் இறங்கி, வெற்றிலை போட்டு, அதைத் துப்பியும் முடித்துவிட்டார்கள், வண்டி நகரவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னாடா முனுசாமி, விசில் ஊதறியா, இல்ல கொழந்தைக்குப் பால் ஆத்தறியா?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததும் வலது விலாவில் யாரோ கடப்பாரையைச் சொருகின மாதிரி ஒரு வலி. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கிருந்து தொடங்கியது என் ஆஸ்பத்திரி வாசம். ஆஸ்பத்திரியின் பேரை எழுதப்போவதில்லை. எழுதிவிட்டு, நாளைக்கு மறுபடி அங்கேயே போய்ப் படுக்கும்படி ஆனால் கஞ்சியில் உப்புப் போடமாட்டார்கள். சித்தூரில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். சித்தூர் எந்த ராஜ்யத்தில் இருக்கிறது என்பது அந்த நாட்களில் ஆளுக்கு ஆள் மாறுகிற விஷயம். ஆந்திர ராஜ்யம் பிரிந்து வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எல்லைக் கோடு மட்டும் இன்னும் காயவில்லை. எங்கள் வார்டிலேயே ஒரு மூலையில், சித்தூர் தமிழருடையது என்று ஒருவரும், இல்லை தெலுங்கருடையது என்று ஒருவரும் படுத்தபடியே சண்டை போடுவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி, ஒரே மருந்து. ஒருவருக்கு இருமல் வந்தால் அது முடியும்வரை மற்றவர் சண்டையை நிறுத்திவைத்துக் காத்திருப்பார்.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் என்னைப் பற்றி எழுதுவதற்கு யாரையும் கேட்கவில்லை. என் மானம் போனது போனதுதான். ஆனால் பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றி எழுத அவர் வீட்டாரைக் கேட்டேன். எழுது, பேரை மாற்றிக்கொள் என்றார்கள். மாற்றியிருக்கிறேன். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யார் வீட்டு மாடு யார் கொல்லையில் மேய்ந்தது என்பதையெல்லாம் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்த ஆள் நான். அப்படிப்பட்டவன் ஒருத்தரைக் கேட்டு எழுதுகிறேன் என்றால், அந்த வார்டு என்னை என்னவோ செய்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

டாக்டர் குண்டூர்ப் பக்கத்துக்காரர், இளவயசு. முன்னே இருந்த தமிழ் டாக்டர் பிரிவினையோடு மெட்ராஸ் பக்கம் போய்விட, இவர் வந்திருந்தார். தமிழ் பேசினால் கொஞ்சம் புரியும், பேச வராது. என் முதுகில் ஒரு விரலை வைத்து, இன்னொரு விரலால் அதன்மேல் தட்டினார். சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பார்களே, அதேதான். இடது பக்கம் டம் டம் என்று கேட்டது. வலது பக்கம் ஈர மணல் மூட்டையைத் தட்டினாற்போல் ஒரு சத்தமும் இல்லை. பழம் பழுத்துவிட்டது என்று எனக்கே தெரிந்துபோனது.

எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்கள். இடது பக்கம் கறுப்பு. நல்ல நுரையீரல் கறுப்பாகத்தான் தெரியுமாம், காற்று இருப்பதால். வலது பக்கம் பாதிக்குமேல் வெள்ளை. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இருக்குமாம். அந்த இரண்டுக்கும் நடுவில் நீர் கோத்துக்கொண்டு நுரையீரலை மேலே நசுக்கி வைத்திருக்கிறது. கூட்ட நெரிசலில் உள்ளே போங்க உள்ளே போங்க என்று நான் ஜனங்களை நசுக்கினேன் அல்லவா, அந்தப் பாவம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது என் வீட்டுக்காரி தனபாக்கியம் பக்கத்தில் நின்றாள். அவள் வாலாஜாப் பக்கத்துப் பெண். புத்தலப்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து அதிக காலம் ஆகவில்லை. தெலுங்கில் உப்பு, புளி வாங்குகிற அளவுக்குத்தான் தேறியிருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்து நிதானமாக, "நீரு தீயடம் அவசரம்" என்றார்.

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. நீரை எடுத்தாக வேண்டும் என்கிறார், அவ்வளவுதான். நம் தமிழில் அவசரம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். தனபாக்கியத்துக்கும் அதுதான் தெரியும். நான் மூச்சைப் பிடித்து விளக்கம் சொல்வதற்குள் அவள் வார்டு வாசலைத் தாண்டிவிட்டாள்.

பொழுது உச்சியைத் தாண்டுவதற்குள் புத்தலப்பட்டு பாதி வந்து இறங்கிவிட்டது. என் அப்பா, எங்கள் வழக்கில் நைனா, சாவு வீட்டுக்கு மட்டும் கட்டுகிற வேட்டியில் வந்திருந்தார். பெரியப்பா ஒருவர் வாசலில் வார்டு ஆளைப் பிடித்துக்கொண்டு, "பொழுது சாயறதுக்குள்ள குடுத்துடுவாங்களா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எதை என்று நான் கேட்கவில்லை. தனபாக்கியம் என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் வந்து பார்த்துத் திகைத்துப்போனார். "எந்துக்கு இந்தமந்தி?" என்றார். இவ்வளவு பேர் எதற்கு என்கிறார். சிஸ்டர் விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தார். பிறகு என் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. தனக்குத்தானே ஒருமுறை, "அவசரம்..." என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தை அத்தோடு எங்களை விட்டுவிடும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

மறுநாள் நீரை எடுத்தார்கள். ஒரு ஸ்டூலில் என்னைத் திருப்பி உட்காரவைத்து, முன்னால் தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். சிஸ்டர் வேலூர்ப் பக்கத்துக்காரர். எதைச் செய்தாலும் முன்னால் சொல்லிவிட்டுத்தான் செய்வார். "இப்பத் தொடப்போறேன். ஜில்லுனு இருக்கும்." "இப்ப மரத்துப்போற ஊசி, எறும்பு மாதிரி." பெரிய ஊசியை எடுத்துக்கொண்டு டாக்டர், "செய்யமன்டாரா?" என்று கேட்டார். செய்யட்டுமா என்று. என் வாய்தான் சும்மா இருக்குமா?

"டிக்கெட் வாங்கியாச்சு டாக்டர்காரு. இனிமே எறங்க முடியுமா?"

சிஸ்டர் அதை அவரிடம் தெலுங்கில் சொன்னார். அவர் ஊசியோடு கையை இறக்கிக்கொண்டு ஏதோ சொன்னார், பயத்தில் எனக்கு அந்தத் தெலுங்கு ஏறவில்லை. சிஸ்டர் என் பக்கம் குனிந்தார்.

"எறங்கலாமாம். நடு வழியிலகூட எறங்கலாம். வேணாம்னு சொன்னா ஊசிய வெளிய எடுத்துடுவாராம். நெஜமாத்தான் கேக்கறார், பதில் சொல்லுங்க."

என்னை அதுவரை யாரும் எதற்கும் அப்படிக் கேட்டதில்லை. கல்யாணத்துக்குக்கூடக் கேட்கவில்லை. "செய்ங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

வெளுத்த நல்லெண்ணெய் நிறத்தில் நீர் குப்பியில் இறங்கியது. நுரை கட்டியது. என் உடம்புக்குள் இவ்வளவு சரக்கை ஏற்றிக்கொண்டு லக்கேஜ் சார்ஜ் இல்லாமல் ஊர் சுற்றியிருக்கிறேன். அதைச் சோதனை பார்த்து, காரணம் க்ஷயம் என்று டாக்டர் என்னிடம் தனியாக, மெல்லச் சொன்னார். தினமும் ஊசி, சளியில் கிருமி இல்லை என்று தெரிகிற வரைக்கும் பஸ் ஏறக்கூடாது. அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரம்கூட வேறே மாதிரி தெரிந்தது. எங்கள் ஊரில் அந்த வியாதி வந்த வீட்டுக்கு நெருப்புக்கூடக் கொடுக்கமாட்டார்கள்.

பஸ் முதலாளியின் குமாஸ்தா ஒருநாள் சாத்துக்குடியோடு வந்தான். பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டு நேராகக் கம்பவுண்டரிடம் போனான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். வியாதி நெஞ்சிலே, காதில் இல்லை.

"அவனுக்கு இன்னா வியாதிப்பா? மொதலாளி கேட்டுக்கினு வரச்சொன்னாரு."

கம்பவுண்டர் மாத்திரை எண்ணிக்கொண்டே சொன்னார்: "மொதலாளி எக்கட படுத்துக்கினு கீறாரு?"

"அவரு ஊட்ல கீறாரு. அவருக்கு இன்னா?"

"ஆயனுக்கு வியாதி வந்தா வரச்சொல்லு, ஆயனோடத ஆயனுக்குச் சொல்றேன். முனுசாமிது முனுசாமிகிட்டதான். போ, போ, கேஸுங்க காத்துக்கினு கீது."

அந்த மனுஷரின் காலில் விழலாம் போல இருந்தது. வேலை போகாமல் இருந்தது அந்த ஒரு பதிலால்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

என் பக்கத்துக் கட்டில்காரர் ஏழுமலை. பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமம். கரும்பும் கேழ்வரகும் போடுகிறவர். ஐம்பது வயசு இருக்கும். தமிழைத் தவிர இன்னொரு பாஷை காதில்கூட நுழையாது. வயிற்றில் கட்டி. சோறு இறங்காமல் எலும்பும் தோலுமாக வந்து படுத்திருந்தார். தம்பி கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போயிருந்தார். சம்சாரம் வீட்டில் பிள்ளை பெற்ற மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் கட்டிலுக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒருவரும் கிடையாது. என் வீட்டுக்காரி பழைய சேலையில் சுற்றிச் சூடு ஆறாமல் கொண்டுவருகிற மிளகு ரசத்தில் அவருக்கும் ஒரு டம்ளர் போகும். இரண்டு வாய்தான் குடிப்பார். மீதியைக் கொட்ட மனசில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார்.

"முக்கா டிக்கெட்டு மாதிரி கீறியேம்மா, ஒனக்கு மிச்சம் வெச்சிக்கினியா?" என்று தனபாக்கியத்தைக் கேட்பார்.

அவள் என் கண்டக்டர் விசிலையும் கொண்டுவந்திருந்தாள். தலையணைக்கடியில் வைத்தால் தைரியமாக இருக்குமாம். சிஸ்டர் அதைப் பார்த்து, "நல்லதாப் போச்சு, சாயங்காலம் வெளிய வராந்தால உக்காந்து மெதுவா ஊதுங்க. நசுங்கின நுரையீரல் விரியணும்" என்றார். வைத்தியமே விசில்! ஊதினால் முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது. பிறகு கீச்சென்று கோழிக்குஞ்சுச் சத்தம். அந்தச் சத்தம் வந்த அன்றைக்கு ஏழுமலை கட்டிலில் இருந்தபடியே, "ரைட்!" என்று குரல் கொடுத்தார். அதிலிருந்து தினமும் நான் ஊதுவதும் அவர் ரைட் சொல்வதுமாக எங்கள் பஸ் வராந்தாவிலிருந்து புறப்படும். ஒரு ஊருக்கும் போகாது.

அவருக்கு மாவு கரைத்த மாதிரி ஒரு வெள்ளைக் கஞ்சியைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். கஞ்சி போகிற வழியெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். கட்டி இருக்கிற இடத்தில் வழி அடைபடுவது தெரியும். இரண்டொரு நாள் கழித்து டாக்டர் படத்தோடு வந்தார். ஏழுமலையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், விலாவுக்குக் கீழே ஈரல் பக்கம் ரொம்ப நேரம் கையை வைத்திருந்தார். அன்றைக்கு சிஸ்டர் வேறு வார்டில் இருந்தார். டாக்டர் நிமிர்ந்து, ஏழுமலையின் தோளைத் தட்டி, "ஆபரேஷன் அவசரம் லேது. மந்துலு இஸ்தாம்" என்றார். போய்விட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆபரேஷன் தேவையில்லை, மருந்து கொடுக்கிறோம் என்கிறார். ஈரல் பக்கம் அவர் கை நின்ற விதத்தைப் பார்த்த எனக்கு, குணமாகும் என்பதால் தேவையில்லையா, செய்தும் பயனில்லை என்பதால் தேவையில்லையா என்று சந்தேகம் வந்தது. ஏழுமலை மலர்ந்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா கண்டக்டரே? ஆபரேஷனுக்கு அவசரமில்லியாம். மருந்து குடுத்து ஒடம்பத் தேத்திக்கினு, அப்புறமா நிதானமா அறுப்பாங்களாம். நான்கூட இன்னாமோ ஏதோனு பயந்துகினு இருந்தேன்."

அந்த வாரம் அவர் தம்பி வந்தார். பேத்திக்குப் பேர் வைக்க எல்லோரும் காத்திருக்கிறார்கள், எப்போது வருகிறாய் என்று கேட்டார். "இன்னாத்துக்குப் பறக்கறீங்க? அறுத்துக்கினு முழு மனுஷனா வந்து நானே அது காதுல பேரச் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் வாயத் தொறக்கக்கூடாது, சொல்லிடு" என்று அனுப்பிவிட்டார். தம்பியும் அதை நம்பிப் போனார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வராத ஓர் ஆபரேஷனுக்காக இந்த மனுஷர் இங்கேயே காத்துக்கிடப்பார். வீட்டில் ஒரு குழந்தை பேரில்லாமல் காத்துக்கிடக்கும். எது முன்னால் தீரும் என்பதுதான் கணக்கு.

ஆனால் நான் நினைப்பது சரியா? மறு படம் எடுக்க என்னை அழைத்துப்போனபோது எக்ஸ்ரேக்காரரிடம் நைசாக ஆரம்பித்தேன். "பக்கத்துக் கட்டில்..." என்றதுமே அவர் விளக்கை அணைத்துவிட்டார். "உன் நெஞ்சக் கேளு, சொல்றேன். பக்கத்து வயித்தக் கேக்காத. மூச்சப் பிடி." வார்டு பெருக்குகிற அம்மாள் எல்லாம் அறிந்தவள். அவளிடம் கேட்டேன். "இன்னாயா நீ? இங்க பாத்தத இங்கயே பெருக்கிட்டுப் போறவ நான். வாசலாண்ட கொண்டும்போய்க் கொட்டவா?" என்று துடைப்பத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். வார்டுச் சுவரில் எச்சில் துப்பாதே என்று எழுதியிருந்ததே தவிர இப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதவில்லை. டாக்டர் படித்த படிப்பு வேறு, கம்பவுண்டர் படித்தது வேறு, அந்த அம்மாள் படிக்கவேயில்லை. எல்லோரும் ஒரே இடத்தில் வாயை மூடினார்கள். என் வேலையைக் காப்பாற்றிய அதே வாய்ப்பூட்டு, இப்போது ஏழுமலையை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தது.

கடைசியில் சிஸ்டரிடம் போனேன். அவரும் அதையே சொன்னார். "நீங்க கேட்டத மறந்துடுங்க. அது அவரோடது."

"அவரோடதுதான் சிஸ்டர். ஆனா அவர்கிட்ட அது போய்ச் சேரலியே! டாக்டர் தெலுங்குல குடுத்தாரு, இவரு தமிழ்ல வாங்கிக்கினாரு. காசு ஒண்ணு, ஊரு வேற."

சிஸ்டர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "என்ன வார்த்தை சொன்னார்? அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். என் வீட்டுக்காரி ஊரைக் கூட்டியதை அவரும் பார்த்தவர்தானே. முகம் கறுத்துப்போனது.

"நானும் சொல்லக்கூடாது, நீங்களும் சொல்லக்கூடாது. சொன்னவர்தான் புரியறமாதிரி திரும்பச் சொல்லணும். டாக்டர் திருப்பதி கேம்ப் போயிருக்கார். வந்த ஒடனே நான் பேசறேன். அதுவரைக்கும் வாய மூடிக்கினு இருங்க."

டாக்டர் திரும்பி வர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாள் என் ஆயுசிலேயே நீளமானது. விலாவில் போட்ட ஊசியை ஆயிரம் முறை வாங்கிக்கொள்வேன். ஏழுமலை பேசுவார், நான் உம் கொட்டுவேன். விசிலை வராந்தாவுக்கு எடுத்துக்கொண்டு போகவேயில்லை. ராத்திரிகளைப் பற்றி எழுதமாட்டேன். ஆஸ்பத்திரி ராத்திரி எல்லோருக்கும் ஒன்றுதான்.

டாக்டர் வந்ததும் சிஸ்டர் அவரோடு வார்டு வாசலில் நின்று பேசினார். "நேனு செப்பானு கதா?" என்று டாக்டர் குரலை உயர்த்தினார். நான்தான் சொல்லிவிட்டேனே என்கிறார். சிஸ்டர் விடவில்லை. பிறகு சிஸ்டர் மட்டும் ஏழுமலையிடம் வந்தார்.

"பெரியவரே, டாக்டர் அன்னைக்குச் சொன்னத நீங்க தமிழ்ல ஒருதடவை நல்லாக் கேட்டுக்கறீங்களா? இப்ப வேணாம், தம்பி வரட்டும்னாலும் சரி. உங்க இஷ்டம்."

ஏழுமலை அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்பவே சொல்லட்டும்."

"யார் தமிழ்ல சொல்லணும்? நான் சொல்லட்டுமா?"

"கண்டக்டரு சொல்லட்டும். ஸ்டாப்பிங் பேரு சொல்றவன் அவன்தானே?"

சிஸ்டர் என்னைத் தனியே இழுத்து, "கூட்டாதீங்க, குறைக்காதீங்க, வெளிய எடுத்துக்கினு போவாதீங்க" என்றார். கோமாளியைக் கூப்பிட்டு இழவு சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

டாக்டர் வந்து நின்றபடியே, "ஆபரேஷன் அவசரம் லேதனி செப்பு" என்றார்.

"அண்ணா, ஆபரேஷன் வேணாம்னு சொல்றாரு. அப்புறமா செய்யலாம்னு சொல்லல. வேணாமாம்."

ஏழுமலையின் முகம் முன்னைக்கு மேல் மலர்ந்தது. "வேணாமா? மருந்துலயே கரைஞ்சிடுச்சா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு வார்த்தையைத் திருத்தினால் எல்லாம் நேராகிவிடும் என்று நினைத்திருந்தேன். தமிழில் சரியாகச் சொல்லியும் அவர் தப்பான ஊரிலேயே இறங்கினார். ஏனென்றால் டாக்டர் சொன்னதிலேயே ஊர் இல்லை, ஏன் வேண்டாம் என்கிற காரணம் இல்லை. நான் டாக்டர் பக்கம் திரும்பி, "கரிகிப்போயிந்தா அனி அடுகுதுன்னாரு" என்றேன். கரைந்துவிட்டதா என்று கேட்கிறார் என்று.

டாக்டர் கழுத்தில் தொங்கின குழாயைக் கழற்றி சட்டைப் பையில் வைத்தார். ஸ்டூலை இழுத்து ஏழுமலையின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். அந்த வார்டில் ஒரு டாக்டர் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏழுமலையின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"கட்டி பெருசா ஆயிடுச்சாம் அண்ணா."

"வயித்த உட்டு ஈரல்ல போய்ப் புடிச்சிக்கிச்சாம்."

"அறுத்தா ஒடம்பு தாங்காதாம். அறுத்தாலும் அது போவாதாம். அதனாலதான் வேணாம்ன்றாரு. வலி தெரியாம இருக்க மருந்து குடுப்பாராம். எப்பவும் குடுப்பாராம்."

ஏழுமலை மேலே உத்தரத்தைப் பார்த்தார். "எத்தினி நாளு?"

"தெலியது" என்றார் டாக்டர்.

"தெரியாதுன்றாரு."

"தெரியாதா? தெரிஞ்சிக்கினு சொல்லமாட்டாரா?"

இந்தக் கேள்வி டாக்டருக்கே புரிந்துவிட்டது. என்னை எதிர்பார்க்காமல் நேராக அவரைப் பார்த்து, "நிஜங்கா தெலியது" என்றார்.

"நெசமாவே தெரியாதாம் அண்ணா."

ஏழுமலை தலையை ஆட்டினார். பிறகு ரொம்பச் சின்னக் குரலில் கேட்டார்: "கொழந்தையத் தூக்கலாமானு கேளு. ஒட்டிக்காதே?"

எனக்கு அதைத் தெலுங்கில் சொல்ல வரவில்லை. இரண்டு தடவை ஆரம்பித்து நின்றேன். சிஸ்டர்தான் சொன்னார். டாக்டர் ஏழுமலையின் கையை விடாமல், "எத்துக்கோமனு. ரோஜூ எத்துக்கோமனு" என்றார்.

"தூக்கச் சொல்றாரு அண்ணா. தினமும் தூக்கச் சொல்றாரு."

அவர்கள் போன பிறகு ஏழுமலைதான் பேசினார்.

"நீ ரெண்டு நாளா கிண்டல் பண்ணலியே கண்டக்டரே. விசிலையும் காணோம். அப்பவே எனக்குப் பாதி தெரிஞ்சிப்போச்சு."

இப்படியாக, ஆஸ்பத்திரியே கட்டிக்காத்த ரகசியத்தை நான் ஒருத்தன் வாயை மூடியே வெளியே விட்டிருக்கிறேன். என் வாய் திறந்தாலும் ஆபத்து, மூடினாலும் ஆபத்து.

தம்பிக்கு ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். கார்வேட்டிநகரம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடிக்க ஒரு ஜட்கா வண்டி வந்து வாசலில் நின்றது. கம்பவுண்டர் வலி மருந்தைத் தம்பியின் கையில் கொடுத்து, எப்போது எவ்வளவு என்று அவரைத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டார். தப்பாகச் சொன்னதும் மறுபடி சொன்னார். அதற்கு முன்னால் அவர் யாரையும் திரும்பச் சொல்லவைத்து நான் பார்த்ததில்லை. டாக்டரும் வாசல்வரை வந்தார்.

ஏழுமலை ஜட்காவில் சாய்ந்துகொண்டு என்னைக் கேட்டார்: "போறேன்னு தெலுங்குல எப்டி சொல்றது?"

"வெள்ளி வஸ்தானு."

"அதுக்கு இன்னா அர்த்தம்?"

"போய்ட்டு வரேன்னு."

"நான் அதக் கேக்கல. போறேன்னு மட்டும்."

"அப்டி சொல்லக்கூடாது அண்ணா. நம்மள மாதிரிதான் அவங்களும்."

அவர் சிரித்துவிட்டார். டாக்டரைக் கும்பிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடியே உடைந்த தெலுங்கில், "வெள்ளி வஸ்தானு" என்றார். டாக்டர் ஒரு கணம் தடுமாறினார். பிறகு, "வெள்ளி ரண்டி" என்றார். போய்விட்டு வாருங்கள் என்று. அத்தனை கஷ்டப்பட்டு உண்மையைச் சொன்ன மனுஷரை, இரண்டு பாஷையும் சேர்ந்து அந்த ஒரு பொய்யைச் சொல்லவைத்துவிட்டன.

"விசில் ஊதுடா, வண்டி எப்டி போவும்?" என்றார் ஏழுமலை.

எடுத்து ஊதினேன். அன்றைக்குத்தான் முழுச் சத்தம் வந்தது. ஜட்காக் குதிரை காதை நிமிர்த்திக்கொண்டு நடந்தது. வார்டுக்குள் திரும்பிப்போய்ச் சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து மறுபடி ஊதினேன். ரைட் சொல்ல ஆள் இல்லை.

நானும் ஒருநாள் வெளியே வந்தேன். கிருமி இல்லை என்று ஆன பிறகு வேலைக்கும் போனேன். இப்போது எந்த ஆஸ்பத்திரிக்கு யார் போனாலும் நான் சொல்கிற ஒரே புத்தி: டாக்டர் சொன்னதை அவரிடமே திரும்பச் சொல்லிக் காட்டுங்கள். புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் கேளுங்கள். என்னைப்போல் பக்கத்துக் கட்டிலைக் கேட்காதீர்கள்.

எல்லையைத் தீர்த்துவிட்டார்கள். பள்ளிப்பட்டு மெட்ராஸ் பக்கம் போனது, சித்தூர் இந்தப் பக்கமே நின்றது. அதற்கப்புறம் ஒரு காலையில் சித்தூரில் என் பஸ்ஸில் ஏழுமலையின் தம்பி ஏறினார். கூடவே ஒரு பெண், இடுப்பில் சடை விழுந்த தலையோடு ஒரு குழந்தை. பின்னால் நெற்றியில் ஒன்றுமில்லாமல் ஒரு அம்மாள். நான் கேட்கவேண்டியது எதுவும் இல்லை. திருமலையில் குழந்தைக்கு முதல் முடி எடுக்கப் போகிறார்களாம்.

"வந்த அன்னைக்கே மடியில வெச்சிக்கினு மூணு தடவ காதுல சொன்னாரு" என்றாள் அந்த அம்மாள். "அப்புறம் எறக்கிவுடவே இல்ல. தூங்கும்போதுகூடப் பக்கத்துலயே போட்டுக்குவாரு. டாக்டரு தினமும் தூக்கச் சொன்னாருன்னு எங்களத் திட்டுவாரு. மாரியம்மன் திருநாவுக்கு முன்ன போனாரு."

என்ன பேர் வைத்தார் என்றும் சொன்னாள். நல்ல பேர். இங்கே எழுதமாட்டேன். அது அவர்களுடையது.

திருப்பதியில் எல்லோரும் முண்டியடித்து இறங்கினார்கள். டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள் குழந்தையை வாங்கிக்கொண்டு படியில் ஒரு காலை வைத்துத் தயங்கினாள். நான் கையை நீட்டி, வழக்கமாகச் சொல்கிற மாதிரியே, "மெதுவா எறங்கும்மா, அவசரம் லேது" என்றேன்.

சொன்ன பிறகுதான், ஏழுமலைக்கு டாக்டர் சொன்ன அதே வார்த்தை என்று அது என் காதில் விழுந்தது.

அவள் நின்று என்னைப் பார்த்தாள். குழந்தை என் கழுத்தில் தொங்கின விசிலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதுவாகவே விட்டுவிட்டுப் போகட்டும் என்று நான் அசையாமல் நின்றேன்.